கேள்வித்தாள் நீங்கலாக எழுபதாயிரம்

ஆண்டவன் சேர்த்து வைத்ததைப் பிரிக்க எழுபத்தையாயிரம் ரூபாய் ஆகும் என்றார் பைலி வக்கீல்.

"அறுபதுக்கு முடிச்சுக் குடுங்க" என்றார் லோனப்பன். திருச்சூர் அங்காடியில் மிளகு மொத்த வியாபாரி. சொன்ன விலைக்கு அவர் மெழுகுவர்த்திகூட வாங்கியதில்லை.

"பிரிக்கறதுன்னு சொல்லக் கூடாது சேட்டா. சபையில விவாகரத்து கிடையாது. இந்தக் கல்யாணம் முதல் நாள்லயே செல்லலைன்னு கோயில் கோர்ட்டுல நிரூபிக்கணும்."

"அதாவது, சரக்கைத் திருப்பி அனுப்பறது இல்ல. பில்லே போடலைங்கறது."

"அதேதான்."

லோனப்பனுக்குச் சட்டம் பிடித்துப்போயிற்று. "எழுபத்தஞ்சுல என்னென்ன அடக்கம்?"

"மனு, சாட்சி, வாதம் எல்லாம் எழுபது. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வித்தாள். நாற்பத்திரண்டு கேள்வி. உங்க ரெண்டு கல்யாணம், பிள்ளை, சொந்தபந்தம் எல்லாத்தையும் உக்காந்து விசாரிச்சு எழுதணும். அதுக்கு அஞ்சு."

"கேள்வி கேக்கறதுக்குக் காசா? அதைக் கழிச்சிடுங்க."

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் லோனப்பன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி எழுபதில் முடித்துவிட்டார்.

ரோசிலி அவருக்கு இரண்டாம் மனைவி. முதல் மனைவி செலினா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகன் ஜின்டோவுக்கு மூன்று வயது. யார் தூக்கினாலும் வீறிட்ட பிள்ளை, அம்மாவின் சினேகிதி ரோசிலியிடம் மட்டும் அழாமல் போனான். அதைப் பார்த்துத்தான் கல்யாணம் பேசினார்கள். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. ஜின்டோ இப்போது கனடாவில் இருக்கிறான்.

அவள்மேல் லோனப்பனுக்கு இருந்த புகார் ஒன்றே ஒன்று. அவளுக்குப் பொய் வராது.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த பெரிய பார்ட்டியிடம், "கர்த்தர் சத்தியமா, கிலோ அறுநூத்துப் பத்துக்கு எடுத்தது. உங்களுக்காக அறுநூத்துப் பதினஞ்சு" என்று லோனப்பன் உருகிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ரோசிலி, "நேத்து ஐநூத்தி நாப்பதுன்னு சொன்னீங்களே?" என்றாள். பார்ட்டி எழுந்துபோய்விட்டது. அன்றைக்கே லோனப்பன் வக்கீலைத் தேடிப் புறப்பட்டார்.

கோயில் கோர்ட்டுக்கு இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். வழக்கு வேறு, வாடகை வேறு.

"மனைவிக்குக் கல்யாணத்தின்போது மனத்தெளிவு இல்லை" என்பது வக்கீலின் முதல் வாதம். நீதிபதிப் பாதிரியார் ரோசிலியைக் கேட்டார்: "அன்னைக்கு உனக்குப் புத்தி தெளிவா இருந்ததாம்மா?"

"இருந்தது ஃபாதர். இவருக்குத்தான் கொஞ்சம் கலங்கியிருந்தது. வாசல்ல பூக்காரனோட பேரம் பேசிட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் உள்ள வந்தார். கல்யாணம் நடத்தி வெச்ச அச்சன் 'சம்மதமா?'ன்னு கேட்டதுக்கு 'எவ்வளவு?'ன்னு கேட்டார்."

வக்கீல் துள்ளி எழுந்தார். லோனப்பனை வராந்தாவுக்கு இழுத்துப் போனார். "சேட்டா, ஜெயிச்சோம்! புத்தி சரியில்லாதது உங்களுக்குத்தான்னு மனுவை மாத்திடலாம்!"

"நான் பைத்தியமா?"

"பேப்பர்ல மட்டும். நாலு சாட்சி போதும்."

அங்காடியில் சொல்லி அனுப்பினார்கள். பதினோரு பேர் வந்தார்கள். மலையிலிருந்து மிளகு இறக்கிக் கடனுக்குத் தரும் பொறிஞ்சு, குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு வந்து ஒன்றரை மணி நேரம் சாட்சி சொன்னான். போதும் என்று பாதிரியார் சொன்ன பிறகும் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனான்.

அடுத்த வாரம் சரக்கு வரவில்லை. லோனப்பன் போன் போட்டார்.

"ரொக்கம் குடுத்தா மூட்டை வரும் சேட்டா. கடன் கிடையாது."

"ஏண்டா?"

"புத்தி சரியில்லாதவருக்குக் கடன் குடுத்தா நாளைக்கு எந்தக் கோர்ட்டுல போய் நிக்கறது?"

"நீதானேடா எனக்காகச் சாட்சி சொன்னே!"

"பைபிள்மேல கை வெச்சுச் சொன்னேன். இப்ப நானே அதை நம்பலைன்னா பாவமில்லையா?"

புத்தி தெளிவாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க, லோனப்பன் மனநல டாக்டரிடம் ஓடினார். டாக்டர் எழுதிக் கொடுத்தார்: 'ஒரு மணி நேரச் சந்திப்பில் ஐம்பது நிமிடம் என் கட்டணத்தைக் குறைப்பது பற்றியே பேசினார். மேலும் கவனிக்க வேண்டும்.' அதற்கு ஆயிரத்து ஐந்நூறு. கடைப்பையன் அதை ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் அங்காடி முழுக்கப் படித்துவிட்டது. மூன்றாம் நாள் கடையில் மிளகுத் தூசும் லோனப்பனும்தான் மிச்சம்.

நான்காம் நாள் பதினொரு மணிக்கு ரோசிலி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். காலிக் கடையைப் பார்த்தாள். தூக்கை வைத்துவிட்டு, பொறிஞ்சுவின் கிடங்கில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு கடையாக ஏறினாள்.

"இவருக்குப் பைத்தியம் ஒண்ணும் இல்ல. கஞ்சத்தனம்தான். பத்தொன்பது வருஷமாக் கூடவே இருந்து பாக்கறேன்" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் நாற்பது மூட்டை மிளகு வந்து இறங்கியது.

"டாக்டர் எழுதினா அது வெறும் காகிதம் சேட்டா. ரோசிலி சேச்சி சொன்னா ரசீது மாதிரி" என்றான் பொறிஞ்சு.

லோனப்பன் மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அத்தனையும் அவருடைய சாமர்த்தியத்துக்காக வந்ததில்லை. ரோசிலியின் அந்தப் பொய் வராத வாய்க்காக வந்தது. எதை எழுபதாயிரம் கொடுத்துத் தள்ளப் பார்த்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எனக்காக ஏன் போனே?"

"உள்ளதைச் சொல்லணும்ல?" என்றாள் அவள். "சாப்பிடுங்க, ஆறுது."

மறுநாள் மனுவைத் திரும்பப் பெறக் கிளம்பினார்கள். அதே ஒரே ஆட்டோ. வழியில் இறங்கி, அவளுக்குப் பிடித்த அச்சப்பம் ஒரு பொட்டலம், சொன்ன விலைக்கே வாங்கினார் லோனப்பன். பொறிஞ்சுவின் சாட்சியம் சரிதானோ என்று கடைக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பாதிரியார் மகிழ்ந்துபோனார். லோனப்பன் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரத்தில், கக்கத்தில் பழைய பதிவேட்டோடு ஒரு கிழவர் உள்ளே வந்தார். செலினாவின் ஊர்க் கோயிலில் மணியடித்துப் பதிவேடு காக்கும் கப்பியார் இட்டூப்பு.

"பிள்ளையோட ஞானஸ்நானப் பதிவு வேணும்னு கோர்ட்டுலேர்ந்து கடுதாசி வந்திருந்தது. பஸ்ஸுல வர நேரமாயிடுச்சு..." என்றவர் ரோசிலியைப் பார்த்து முகம் மலர்ந்தார். "அடடா, நம்ம ரோசிலி! செலினாவோட அம்மாவுக்குக் கால் சுளுக்கிக்கிச்சுன்னு, கடைசி நிமிஷத்துல உன்னைத்தானே பிடிச்சு நிறுத்தினேன்! இதோ பாருங்க ஃபாதர்: ஜின்டோ. ஞானத்தாய், ரோசிலி."

பாதிரியாரின் முகம் மாறியது. "லோனப்பா, பேனாவை வை."

"ஏன் ஃபாதர்?"

"ஞானஸ்நானத்துல பிள்ளையை ஏந்தினவளுக்கும் பிள்ளையோட அப்பனுக்கும் நம்ம சுரியானி சபையில கல்யாணம் செல்லாது. ஆயர்கிட்ட விசேஷ அனுமதி வாங்கணும். வாங்கினீங்களா?"

"யாரும் கேக்கலையே!"

வாபஸ் மனுவோடு வந்திருந்த பைலி வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "கேள்வித்தாள்ல அதுதான் பதினேழாவது கேள்வி சேட்டா. நீங்க கழிச்சிட்டீங்க."

"நான்தான் மனுவை வாபஸ் வாங்கறேனே! எனக்கு இவ வேணும்!"

"கல்யாணமே நடக்கலை. எதை வாபஸ் வாங்குவே?" என்றார் பாதிரியார். "அனுமதி வர மூணு வாரம் ஆகும். வந்ததும் ரெண்டு பேரும் புதுசாச் சம்மதம் சொல்லணும். அதுவரைக்கும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது."

ரோசிலி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். லோனப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். வக்கீலுக்கு எழுபதாயிரம், டாக்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு, அச்சப்பம் நூற்றிருபது. வரவில் மனைவி இல்லை.

"ரோசிலி... மூணே வாரம். சம்மதம்னு சொல்லிடுவேதானே?"

கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும் பெண், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பதிலைத் தள்ளி வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு அச்சப்பத்தைக் கடித்தாள்.

"எனக்குப் பொய் வராது. அதனால யோசிச்சுத்தான் சொல்லணும்" என்றவள் வக்கீல் பக்கம் திரும்பினாள். "சாரே, அந்த நாற்பத்திரண்டு கேள்வியையும் எடுங்க. நான் கேக்கறேன், இவர் பதில் சொல்லட்டும். அஞ்சாயிரத்தை இவர் கணக்குல எழுதிக்குங்க."