கத்திய துண்டு

ஒரு காட்டில் ஒரு ஹாக்கி மைதானம் இருந்தது. சிங்கம் இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது. அது கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டது.

மைதானத்துக்கு ஓர் அணி உண்டு. கருஞ்சுனை அணி. வருஷா வருஷம் தோற்கும். மழை பெய்தாலும் தோற்கும், வெயில் அடித்தாலும் தோற்கும். எதிரணி வராத ஆட்டத்தில்கூட ஒரு கோல் வாங்கியது என்று பேச்சு.

அந்த அணிக்கு ஒரே ஒரு ரசிகன். கோமதிநாயகம் என்று ஒரு கரடி. கோல்கம்பத்துக்குப் பின்னால் ஒரு பாறை கிடக்கும். அதில்தான் உட்காரும். உட்கார்ந்து உட்கார்ந்து பாறையில் கரடி அளவுக்கு ஒரு வழவழப்பு விழுந்திருந்தது.

வேறு இடத்தில் உட்கார்ந்தால் என்ன? முடியாது. காரணம் கோல்கீப்பர். கோல்கீப்பர் ஓர் ஆமை. உடம்பெல்லாம் கவசம், கோல்கீப்பருக்கு வேறென்ன வேண்டும் என்று எடுத்துவிட்டார்கள். பந்து வேகமாக வந்தால் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கிறவர்கள் தேர்வுக் குழுவில் இருப்பதில்லை.

ஆமையின் தலை உள்ளே போனதும் பாறையிலிருந்து கரடி கத்தும்.

"தலைய நீட்டுலே, சோத்துமூட்ட!"

ஆமை திடுக்கிட்டுத் தலையை நீட்டும். பந்து வந்து அந்தத் தலையில் மோதித் திரும்பும். கருஞ்சுனை அணி இதுவரை தடுத்த கோல் எல்லாம் இப்படித் தடுத்ததுதான். கத்துவது யார் என்று ஆமை பார்த்ததில்லை. அதன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது.

இந்த வருஷம் என்ன கேடோ, அணி ஜெயிக்க ஆரம்பித்தது. ஜெயித்து ஜெயித்து பிளே ஆஃப் வரைக்கும் வந்துவிட்டது. காடு முழுக்க ரசிகர்கள் முளைத்துவிட்டார்கள்.

டிக்கெட் விற்கும் அன்று காலையில் கரடி கவுண்டருக்குப் போனது. பக்கத்தில் ஒரு காட்டுக்கோழி. முகத்தில் அணியின் வண்ணம் பூசியிருந்தது. கையில் செல்போன்.

"அண்ணாச்சி, நம்ம ஆளுங்க சிக்ஸர் அடிப்பாங்களா?"

"இது ஹாக்கி."

"சரி, ஹாக்கில எப்ப சிக்ஸர்?"

அந்தப் பக்கம் நின்ற மயில் சொன்னது:

"நாங்கல்லாம் பரம்பரை ரசிகங்க."

"போன வாரம் உன்னக் காணலியே."

"போன வாரம் பிளே ஆஃப் இல்லியே அண்ணாச்சி."

"பிளே ஆஃப்னா என்ன தெரியுமா?"

"தெரியாம? டிக்கெட் கெடைக்காத மேட்ச்."

கரடி கவுண்டர் பக்கம் திரும்பிக்கொண்டது.

கவுண்டரில் ஒரு மரநாய். அதன் வீடு காட்டோரத்து பஸ் நிறுத்தத்து மரத்தில். அங்கே மனிதர்கள் செய்வதைத் தினமும் பார்க்கும். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிவார்கள். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரனுக்குச் சொந்தம். முதலில் ஏறிய பிள்ளைத்தாய்ச்சி நின்றுகொண்டு வருவாள். துண்டு உட்கார்ந்து வரும். ஒரு துணிக்கு இவ்வளவு மரியாதையா என்று மரநாய்க்கு மனிதர்கள் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. டிக்கெட் பொறுப்புக்கு வந்ததும் அதையே சட்டமாக்கியது.

துண்டு போட்டவர்களுக்கே இடம்.

மிருகங்களிடம் துண்டு ஏது? ஆளுக்கொன்றைக் கழற்றிப் போட்டார்கள். பாம்பு சட்டையைப் போட்டது. மயில் இறகைப் போட்டது. முள்ளம்பன்றி முள். கலைமான் உதிர்ந்த கொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. பல்லி வாலைப் போட்டுவிட்டுப் போனது. யானை ஒரு வரிசை முழுவதையும் பிடித்துவிட்டது. என்ன போட்டுப் பிடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசைக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை.

போட்டவர்கள் அதைச் செல்போனில் படம் எடுத்து 'நானும் போறேன்' என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கரடியின் முறை வந்தது.

"துண்டு எங்க அண்ணாச்சி?" என்றது மரநாய்.

"துண்டு என்னத்துக்கு? நான்தான் முழுசா வந்து நிக்கேனே."

"அதான் சிக்கல். முழுசா வந்தா எடம் பிடிச்ச மாதிரி ஆவாது. ஏதாவது ஒண்ண விட்டுட்டுப் போகணும்."

"போனா எப்படிவே மேட்ச் பாக்க?"

"மேட்ச் பாக்கதுக்கும் டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? பின்னால ஆள் நிக்காங்க பாருங்க."

பின்னால் ஆள் இல்லை. ஓர் இறகும் இரண்டு முள்ளும் நின்றன.

கரடி தன் நெஞ்சிலிருந்து ஒரு கொத்து ரோமத்தைப் பிடுங்கி வைத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றடித்தது. ரோமம் பறந்துபோனது.

"எடம் போச்சு," என்றது மரநாய். "அடுத்த ஆளு."

"அந்தப் பாறையாவது குடுவே. அதுல யாரும் உட்கார மாட்டாங்க."

"எந்தப் பாறை? கோலுக்குப் பின்னாலயா? அது இப்ப சிறப்பு விருந்தினர் இருக்கை. தலைவருக்கு."

தலைவர் என்றால் சிறுத்தை. ஹாக்கிச் சங்கத் தலைவர். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அதற்குத் தெரியாது. அதுவரை அவசியமும் வரவில்லை. ஆனால் சிறுத்தைக்கும் ஒரு சங்கடம் வந்திருந்தது. பாறையைப் பிடிக்கத் துண்டு வேண்டும். சிறுத்தையிடம் கழற்றிப் போட ஒன்றும் இல்லை. புள்ளி ஒன்றையாவது எடுக்கலாமா என்று கல்லில் தேய்த்துப் பார்த்தது. வரவில்லை.

மரநாய் கரடியை ஏற இறங்கப் பார்த்தது. கறுப்பு. தடிமன். விரித்துப் போட்டால் பாறைக்குச் சரியாக இருக்கும்.

"அண்ணாச்சி, ஒரு வழி இருக்கு. நீங்க உள்ள வரலாம். அந்தப் பாறைக்கே வரலாம்."

"ரசிகனாவா?"

"இல்ல. துண்டா."

கரடி முறைத்தது. இத்தனை வருஷம் தோல்வியைப் பார்த்தாயிற்று. ஜெயிக்கிற ஆட்டம் நடக்கும்போது வேலிக்கு வெளியே நிற்பதா? அதற்கு மனசு வரவில்லை.

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. பாறைல குப்புறப் படுத்திருக்கணும். தலைவர் வந்ததும் எந்திரிச்சு வெளிய வந்திரணும். துண்டு கைதட்டாது, எந்திரிக்காது, பேசாது. பேசினா தூக்கி எறிஞ்சிருவோம்."

"தலைவர் எப்ப வருவாரு?"

மரநாய் சிரித்தது. "அவரு எப்ப வந்திருக்காரு?"

ஆட்ட நாள். வாசலில் 'அரங்கு நிறைந்தது' என்று பலகை. உள்ளே கரடி பாறையில் விரிந்து கிடந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து அரங்கைப் பார்த்தது. ஓர் உயிர் இல்லை. வரிசை வரிசையாக இறகு, முள், கொம்பு, பாம்புச் சட்டை. யானையின் வரிசையில் ஈ மொய்த்தது. எல்லாரும் வீட்டில் படுத்துக்கொண்டு செல்போனில் பார்த்தார்கள். பல்லியின் வால் மட்டும் துடித்தது. அன்றைக்கு அரங்கில் ஆட்டத்தைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டது அது ஒன்றுதான்.

எதிரணி மேல்மலைக் காட்டுப்பன்றிகள். முதல் பாதியில் ஒரு பந்து வேகமாக வந்தது. ஆமையின் தலை உள்ளே போனது. கரடி வாயைத் திறந்தது. வேலியோரம் காவலுக்கு நின்ற காட்டெருமை திரும்பிப் பார்த்தது. கரடி வாயை மூடிக்கொண்டது.

கோல்.

மறுபடியும் பந்து. மறுபடியும் தலை உள்ளே. கரடி பாறையைக் கவ்விக்கொண்டது. கோல்.

கருஞ்சுனைக் குரங்குகள் விடவில்லை. விழுந்து புரண்டு திருப்பி அடித்தன. சமமாக்கின. கடைசியில் இன்னொன்றும் போட்டு முந்திவிட்டன. கரடியின் முதுகு தானாக எழுந்தது. காட்டெருமை ஓர் அடி வைத்தது. முதுகு படுத்துக்கொண்டது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். நம் குரங்கு ஒன்று பந்தை வாலால் தள்ளிவிட்டது. விசில். எதிரணிக்குப் பெனால்டி ஸ்ட்ரோக். ஒரு பன்றி, ஒரு பந்து, எதிரே ஆமை மட்டும். இது உள்ளே போனால் ஆட்டம் சமம். சமம் என்றால் ஷூட் அவுட். ஷூட் அவுட் என்றால் வரிசையாக வந்து அடிப்பார்கள். தலையை இழுத்துக்கொள்ளும் கோல்கீப்பரை வைத்துக்கொண்டு ஷூட் அவுட் ஆடுவதும் ஆற்றில் குதிப்பதும் ஒன்று. இங்கே பந்து நின்றால் உண்டு. இல்லையென்றால் வீடுதான்.

பன்றி மட்டையை மண்ணில் வைத்து நிமிர்ந்தது. ஆமையின் தலை மெல்ல உள்ளே போனது. மூக்கு மறைந்தது. கண் மறைந்தது.

கரடி, தான் துண்டு என்று ஒருமுறை நினைத்துக்கொண்டது. பிறகு மறந்துவிட்டது.

"தலைய நீட்டுலே, சோத்துமூட்ட!"

அரங்கில் இறகெல்லாம் பறந்தன. ஆமை திடுக்கிட்டுத் தலையை நீட்டியது. பந்து நெற்றியில் மோதி, மைதானத்தைத் தாண்டி, யானையின் வரிசையில் போய்ப் புதைந்தது. அதை எடுக்க யாரும் போகவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். கருஞ்சுனை அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது.

காட்டெருமை வந்தது.

"துண்டு கத்துமாவே?"

கரடியைக் கொம்பில் கோத்து வேலிக்கு வெளியே எறிந்தது. கரடி முள்செடியில் விழுந்தது. விழும்போதும் சிரித்துக்கொண்டேதான் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தை அதற்கு ஒரு நாள் விட்டு வைத்தார்கள்.

மறுநாள் பாராட்டு விழா. ஆமைக்கு நெற்றியில் கட்டு, கழுத்தில் மாலை. அடுத்து 'சிறந்த ரசிகர்' விருது. அணியைக் காப்பாற்றிய குரல் எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்து. பாறை யாருடைய இருக்கை? தலைவருடையது. முடிந்தது கதை. சிறுத்தைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சிறுத்தை பேசியது. "என் வாழ்க்கையில் நான் எப்போதும் கடைப்பிடிப்பது ஒன்றுதான். தலையை நீட்டுங்கள்! சோற்றுமூட்டைகளே, தலையை நீட்டுங்கள்!"

காட்டுக்கோழி கண்ணீர் விட்டு வீடியோ எடுத்தது. "என்னா தத்துவம்!" என்றது மயில்.

விழா முடிந்து ஆமை ஊர்ந்து வந்தது. மரத்தடியில் கரடி முள் எடுத்துக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, நேத்து மேட்சுக்கு வரலியா? பாறைப் பக்கம் ஒரு கறுப்புத் துண்டுதான் கெடந்துச்சாம்."

கரடி நிமிர்ந்து பார்த்தது.

"இத்தன வருசமா எனக்குப் பின்னால நின்னு கத்தினது தலைவருதான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பெரிய மனுசன். ஒருநாளாவது வெளிய சொல்லிக்கிட்டாரா பாருங்க!"

கரடி வாயைத் திறந்தது. என்ன சொல்வது? சொன்னால் ஆமை நம்ப வேண்டும். நம்பினால், நேற்றுப் பந்தைத் தடுத்தது ஒரு துண்டு என்றாகும். மூடிக்கொண்டது. ஆமை அதற்கு ஓர் ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனது.

"இறுதிப் போட்டிக்காவது வாங்க. நீங்களும் ஒரு தடவ பாக்கணும்லா."

ஆமை போனதும் மரநாய் வந்தது.

"அண்ணாச்சி, தலைவர் கூப்பிட்டாரு. இறுதிப் போட்டிக்கும் துண்டு வேணுமாம்."

"தூ! மானம் கெட்டவன்னு நெனச்சியா என்ன?"

"கோவப்படாதீங்க. கத்தணும்னாலும் கத்தலாமாம். தலைவருக்கு அது நல்லா அமைஞ்சிருச்சு. அவரு பேர்ல கத்தினா ஆட்சேபணை இல்ல."

கரடி மரநாயைப் பார்த்தது. காறித் துப்ப வேண்டும் என்று இருந்தது. துப்பியிருந்தால் இந்தக் கதைக்கு நல்ல முடிவாக இருந்திருக்கும்.

"பாறை அதேதானே?" என்றது.

"அதேதான்."

கோமதிநாயகம் எழுந்து நின்றது. உடம்பை ஒருமுறை நன்றாக உதறிக்கொண்டது. பிறகு மடிப்புக் கலையாமல் மரநாயின் பின்னால் நடந்தது.

நீதி: டிக்கெட் எடுத்தவன் ரசிகன். ஆட்டத்தைப் பார்க்கிறவன் துண்டு.