பேப்பருக்குப் பயந்த வேணாம் சார்

பத்திரிகையைக் கண்டால் பயப்படும் மனிதர்களில் வேணாம் சார்தான் முதல்வர். அந்தப் பட்டத்துக்கு வேறு யாரும் கிட்டவே வர முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பதுதான் அவருடைய உத்தியோகம்.

எழுபதுகளின் நடுவில் திருத்தணியில் ஒரு நிவாரண சங்கம் இருந்தது. தீ, வெள்ளம், திருவிழா நெரிசல் என்றால் போர்வையும் மருந்துப் பெட்டியும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே செய்தித் தொடர்பாளர் அவர். எதற்கும் 'வேணாம்' என்பதால் எல்லோருக்கும் அவர் வேணாம் சார்; நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மெட்ராஸ் கல்லூரியில் இதழியல் படித்துக்கொண்டிருந்த என்னை இரண்டு மாதப் பயிற்சிக்கு அவரிடம் அனுப்பினார்கள். நான் எழுதிய செய்தி ஒன்றாவது அச்சில் வந்து, அந்தக் கட்டிங்கை ஒட்டிக் கொடுத்தால்தான் தேர்ச்சி. "பெயிலானா படிப்பு போதும், வீட்டோட இரு" என்று அப்பா வேறு சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடிக் கிருத்திகையன்று மலைப்படியில் மயங்கி விழுந்த ஒருவருக்குச் சங்கத்தார் முதலுதவி செய்தார்கள். உடனே எழுதிக்கொண்டு போனேன்.

"வேணாம்மா. இந்த ஆளு ஆபீஸ்ல உடம்பு சரியில்லன்னு லீவ் போட்டுட்டு காவடி எடுக்க வந்திருப்பாரு. பேர் போட்டா வேல போயிடும்."

"பேரை எடுத்துடறேன் சார்."

"பேர் இல்லன்னா, அன்னிக்கி லீவ் போட்டவன் அத்தினி பேர் மேலயும் சந்தேகம் வரும். வேணாம்."

மோர் விநியோகத்தை எழுதினேன். "மோரு கிடைக்காதவன் கோவிச்சிக்குவான்" என்றார். கண் சிகிச்சை முகாமை எழுதினேன். "கண்ணு தெரியாதவங்க ஊருன்னு பேராயிடும்" என்றார். தப்பித் தவறி ஒன்றை ஒத்துக்கொண்டாலும் விடமாட்டார். யாரைப் பற்றிய செய்தியோ, அவர் வீட்டுக்கே போய் முழுசாகப் படித்துக் காட்டுவார். அவர்கள் பிடிக்கவில்லை என்று சொன்ன வரியை அங்கேயே பேனாவால் அடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பயிற்சி முடிய நான்கே நாள் இருக்கும்போது பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவாளர் வீடு எரிந்தது. தறியும் அதில் ஏற்றியிருந்த பாவு நூலும் சாம்பல். நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கம் பாத்திரமும் போர்வையும் கொடுத்தது. நான் உருகி உருகி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வேணாம் சார் அதிசயமாகச் சரியென்று தலையை ஆட்டினார். அவரோடு பஸ் ஏறிப் போய் அந்த வீட்டு அம்மாளிடம் நானே படித்தேன்.

"உடுத்த மாற்றுத் துணியின்றி, அடுத்த வேளைச் சோற்றுக்குக் கையேந்தி..."

"நிறுத்தும்மா" என்றார் அந்த அம்மாள். "லுங்கி நெய்யற வூட்ல துணி இல்லன்னு எழுதிகினு வந்திருக்கியே. எப்ப நாங்க கையேந்தினோம்? ஆவணில பொண்ணுக்கு நகரி ஊர்ல கல்யாணம் வெச்சிருக்கோம். சோத்துக்கு இல்லாத வூடுன்னு பேப்பர்ல வந்தா மாப்பிள்ள வூட்டுக்காரங்க இன்னா நினைப்பாங்க?"

பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண் என்னைப் பார்த்து, "போடாதீங்கக்கா" என்றாள். வேணாம் சார் பேனாவைத் திறந்தார். அடித்தார், அடித்தார், கடைசியில் இரண்டு வரி மிஞ்சியது. பொதட்டூர்பேட்டையில் தீ விபத்து. சங்கம் உதவியது.

இரண்டு வரியை எந்தப் பத்திரிகை போடும்? செய்திக் கவரை மெட்ராஸ் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அங்கே பத்திரிகை ஆள் வந்து வாங்கிக்கொள்வார். கவர் ஒட்டுவது என் வேலை. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அந்த இரண்டு வரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, என் ஒன்றரைப் பக்கத்தின் நகலைக் கவரில் வைத்து ஒட்டி, கண்டக்டரிடம் நீட்டிவிட்டேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

அந்தப் பெண்ணின் குரல் காதை விட்டுப் போகவில்லை. நாளைக் காலை பேப்பரில் வந்துவிடும். அவள் கல்யாணம் என்னால் நின்றால் என்ன செய்வேன்? ஆபீசுக்கு ஓடிப்போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "பஸ் கனகம்மாசத்திரத்துல டீக்கு நிக்கும். வா" என்றார். கத்தரிக்காய் மூட்டை ஏற்றிய லாரியை மறித்து ஏறினோம். ரிக்‌ஷா சற்று வேகமாகப் போனாலே "வேணாம்பா" என்று கெஞ்சுகிற மனிதர், லாரி டிரைவரிடம், "இன்னும் கொஞ்சம் அழுத்துப்பா" என்றார்.

நாங்கள் போய் இறங்கும்போது டீ முடிந்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் மசியவில்லை. "இது பேப்பர் ஆபீஸ் கவர் சார். நடுவுல திருப்பித் தர முடியாதுங்க."

"தப்பா எழுதிட்டேம்பா. ஒரு பொண்ணு கல்யாணம் நின்னுடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டார். கண்டக்டர் சிரித்தார். "தப்பா எழுதறதுக்கு நீங்க மொதல்ல எழுதணுமே சார்." பஸ்ஸே சிரித்தது. கவரும் கைக்கு வந்தது. அதற்குப் பதிலாக இரண்டு வரியைக் கொடுத்தனுப்பினோம். பத்திரிகையில் அது வரவில்லை.

கடைசி நாள் என்னிடம் ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்து, "புரொபசர் கையில குடும்மா" என்றார். கல்லூரியில் புரொபசர், "கட்டிங் எங்கே?" என்று கேட்டார். கவரை நீட்டினேன். தன் கைப்பட ஒரு வரி எழுதித் தர ஒன்பது முறை யோசிக்கும் வேணாம் சார், இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். புரொபசர் அதிலிருந்து சில வரிகளை எனக்கே படித்துக் காட்டினார்.

"கட்டிங் வராததற்கு நானே காரணம். இந்தப் பெண் நன்றாக எழுதுகிறாள். ஒரு தப்பு செய்தாள். செய்த பத்து நிமிஷத்தில் ஓடி வந்து சொன்னாள். மறுநாள் சொல்லியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதற்கு மார்க் போட இடமிருந்தால் போடுங்கள்."

தேர்ச்சி கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை எனக்குத் தரும்படி கேட்டேன். ஃபைலில் இருக்க வேண்டும் என்று புரொபசர் தரவில்லை. பிற்பாடு என் பெயரோடு எத்தனையோ அச்சாகிவிட்டது. அந்த இரண்டு பக்கம் என்னிடம் இல்லையே என்கிற ஏக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.