தேய்க்கத் தேய்க்க

"விரல் இடுக்கு வழியா பார்க்கிறானேங்க இவன்!" அச்சிலிருந்து உரித்த ஈரத்தாளைத் தூக்கிக் காட்டினாள் மாக்டெல்ட்.

செப்புத்தகட்டில் படம் செதுக்கி அச்சிடும் அவள் கணவர் வெஸ்ஸல் எட்டிப் பார்த்தார். கல்யாணப் படம். மகள் அலைடா, பக்கத்தில் மாப்பிள்ளை, நகர மன்றத்து லூபர்ட். இருவருக்கும் பின்னால் மணித்தொப்பி வைத்த கோமாளி ஒருவன், முகத்தைக் கையால் மூடி நின்றான். வெஸ்ஸல் அவனைச் செதுக்கவே இல்லை.

அவர்கள் ஊரான ஹார்லெமில் விரல் இடுக்கில் பார்த்தால், தப்பு தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை என்று பொருள். நண்பகல் விருந்தில் ஆளுக்கொரு படம் கொடுக்க வேண்டும். அறுபதை நெருங்கும் மாப்பிள்ளையோ, "எவனாவது சிரிச்சா கல்யாணம் நின்னுடும்" என்று முன்பே மிரட்டியிருந்தார்.

"பொண்ணு மேலதான் பழி விழும். தகட்டைத் தேய்ச்சு எடுத்துடுங்க!"

தேய்த்தார். அடுத்த தாளில் கோமாளி மகளின் நாற்காலியில் கை வைத்து நின்றான்.

"குடிச்சிட்டுச் செதுக்கினீங்களா?"

"பீரைத் தவிர எதையும் தொடலடி!"

மறுபடி தேய்த்தார். மூன்றாவது தாளில் அவன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே புகுந்து, இடப்பக்கம் மகளை ஒட்டி நின்றான்; மாப்பிள்ளை வலப்பக்கம் ஒதுங்கியிருந்தார். அவன் கன்னத்தில் தேய்த்த கீறல். வாரக்கணக்கில் சிரிக்காத அலைடாவின் உதட்டில், அப்பா செதுக்காத சிரிப்பு. அறைக்குள் எங்கோ மணி கிணுகிணுத்தது.

"நாம ஆடு வளர்க்கலியே?" என்றாள் மாக்டெல்ட், குரல் இறங்கி.

"வாயை மூடு!"

மாதா கோயில் மணி பதினொன்று அடித்தது. விருந்து வீட்டில் ஆட்கள் கூடியிருப்பார்கள். இந்தச் சம்பந்தம் கைநழுவினால் ஊரில் தலைகாட்ட முடியாது. தாளில் இடப்பக்கம் இருப்பது தகட்டில் வலப்பக்கம் இருக்கும். முப்பது வருடத் தொழில், தூக்கத்திலும் மறக்காத பாடம். பதற்றத்தில் மறந்தார். கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் இடப்பக்கத்தைப் பரபரவென்று தேய்த்துத் தள்ளினார்.

மாக்டெல்ட் நான்காவது தாளை உரித்ததும் அலறினாள். "அடப்பாவி மனுஷா, மாப்பிள்ளையையில்ல தேய்ச்சிட்டீங்க!"

லூபர்ட் இருந்த நாற்காலியில் கோமாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வெஸ்ஸல் தேய்ப்பானை மறுபடி எடுத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு, விருந்து வீட்டுக்குப் போயிருந்த வேலைக்காரி யான்னகா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஐயா, மாப்பிள்ளையைக் காணோம், அவரு நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவரையே கட்டிக்கிறேன்னு நம்ம அலைடாம்மா சொல்லிட்டாங்க, அவரு உங்களை இனிமே தேய்க்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு, கன்னம் எரியுதாம்!"