பேபி மாமி சொன்னது நெடில்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
செப்டெம்பர் 30

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய பேபி மாமிக்கு,

மருமகள் சுபாங்கி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, ராகுலன் அண்ணா, நான் எல்லோரும் நலம். அஜக்ஸில் உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். "எனக்கொரு சுகமும் இல்லை, வை போனை" என்று போன கிழமை நீங்களே சொல்லிவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன் எடுத்தால் வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் முடிவு தெரியாமல் உங்களுக்கு நித்திரை வராது. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

வருகிற கிழமைச் சனிக்கிழமை அண்ணாவின் பேஸ்போல் அணிக்கு இறுதி ஆட்டம். அது முடிய எங்கள் வீட்டில் தாங்ஸ்கிவிங் பண்டிகைச் சாப்பாடு. "இனி மகேசின்ர வாசல் மிதிக்க மாட்டன்" என்று உங்கள் தம்பியை, என் அப்பாவை, நீங்கள் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துவிட்டு வரவேண்டும் என்று கேட்கத்தான் இவ்வளவும். சும்மா வாருங்கள் என்றால் வரமாட்டீர்கள். உங்கள் மேல் பிழை இல்லை என்று நிரூபித்தால் வருவீர்கள். நிரூபிக்கிறேன்.

முதலில் விளையாட்டு. கிரிக்கெட்டில் பந்து போடுகிறவரைப் போல பேஸ்போலில் ஒருவர் எறிவார், அவர்தான் பிட்சர். ஓர் ஆட்டம் முழுக்க எதிரணியில் ஒருவர்கூட அவருடைய பந்தை ஒழுங்காக அடித்து ஓடவில்லை என்றால் அதற்குப் பெயர் நோ-ஹிட்டர். ஒரு பிட்சரின் வாழ்நாளில் ஒரு தடவை வந்தாலே பெரிய காரியம். அது நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய ஆட்கள் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள், அவருக்குப் பக்கத்தில் இருக்கவும் மாட்டார்கள். சொன்னால் கெட்டுவிடுமாம். எங்கள் ஆட்கள் நாவூறு என்று சொல்வதை வெள்ளைக்காரர் நூறு வருடத்துக்கு மேலாகப் பெயர் வைக்காமலே நம்பிக்கொண்டு வருகிறார்கள்.

அன்றைக்கு நீங்கள் ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு மைதானத்துக்கு வந்து இறங்கியபோது ஆறு இன்னிங்ஸ் முடிந்திருந்தது, உள்ளூர் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு மொத்தமே ஏழுதான், அண்ணாவின் பந்தை ஒருவரும் அடித்திருக்கவில்லை, எல்லோரும் பெஞ்சின் ஒரு கரையில் நெருக்கிக்கொண்டு இருக்க அண்ணா மற்றக் கரையில் தனியே இருந்தார், ஒருவர் தண்ணீர்ப் போத்தலைக்கூடக் கையில் கொடுக்காமல் நிலத்தில் வைத்துவிட்டுப் போனார், நீங்கள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "ஏன் பிள்ளை, உவனைத் தள்ளி வைச்சிருக்கினமோ? என்ன செய்தவன்?" என்று கேட்க, நான் உங்கள் காதுக்குள், "நோ-ஹிட்டர் மாமி, கதைக்கக் கூடாது" என்றேன், நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உங்களுடைய மரூன் நிறக் குளிர்க் கோட்டைக் கழற்றினீர்கள், எனக்கு அது ஏனென்று விளங்குவதற்குள் வேலிக் கதவால் உள்ளே போய், அண்ணாவின் தோளில் கோட்டைப் போட்டு, இரண்டு அணிக்கும் நடுவருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, நோ ஹீட்டராம். உதைப் போட்டுக்கொண்டு இரு" என்றீர்கள். எதிரணி பெஞ்சில் இரண்டு பேர் எழும்பி நின்று கைதட்டினார்கள். ஏழாவது இன்னிங்ஸ் முதல் பந்தே அடிபட்டு அண்ணாவின் தலைக்கு மேலால் பறந்து புல்லில் விழுந்தது.

ஆட்டத்தில் வென்றோம். நோ-ஹிட்டர் போனது. அப்பா அத்தனை பேருக்கும் முன்னால், "அக்கா, உன்ர வாயாலதான் போச்சு" என்று சொல்ல, நீங்கள், "குளிருக்கு ஒண்டைப் போடச் சொன்னது குற்றமோடா?" என்று கேட்டுவிட்டு, பெட்டி திறக்காமலே அஜக்ஸுக்குப் போகிற கோ ரெயினில் ஏறிவிட்டீர்கள். உங்கள் கேள்வி ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான். மூன்றாம் நாள் நீங்கள் அம்மாவுக்குப் போன் எடுத்து, "உங்கட பில்டிங்கில ஹீட்டர் திருத்திப்போட்டினமோ?" என்று அதை மட்டும் கேட்டுவிட்டு வைத்தபோதுதான் தலையில் குட்டியது போல இருந்தது. நான் சொன்னது ஹிட்டர். உங்களுக்குக் கேட்டது ஹீட்டர். நீங்கள் சொன்னதும் ஹீட்டர். அந்தப் பொல்லாத சொல் குறில், மாமி. உங்கள் வாயிலிருந்து வந்தது நெடில். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டும் வேறு என்று சொல்லும்.

இன்னொன்று. பெரிய லீக் பிட்சர்மார் இன்னிங்ஸுக்கு இடையில் கை குளிராமல் இருக்க ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த மைதானத்தில் அன்றைக்குப் பேஸ்போல் முறைப்படி நடந்த ஒரே ஆள் நீங்கள்.

உங்கள் வாயைப் பற்றிக் குடும்பத்தில் ஒரு கதை இருப்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிள்ளை பெற்றிருந்த சிவானிக்கு என்ன அடர்த்தியான தலைமயிர் என்றீர்கள், கொட்டியது. பிள்ளை பெற்ற எல்லோருக்கும் கொட்டும். அப்பாவின் புதுக் காரைத் தேர் மாதிரி இருக்கு என்றீர்கள், 401 நெடுஞ்சாலையில் கல் பறந்து வந்து கண்ணாடி வெடித்தது. அந்தக் கல் லொறியிலிருந்து வந்தது. றஜிதா அன்ரியின் பேஸ்மென்ற் எவ்வளவு காய்ஞ்சு கிடக்கு என்றீர்கள், மூன்றாம் நாள் வெள்ளம். அந்தக் கிழமை ஸ்காபரோவில் பாதி பேஸ்மென்ற் மிதந்தது, எல்லாவற்றையும் நீங்கள் போய்ப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் உங்களைக் கண்டால் சிலர் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றுகிறார்கள். நீங்கள் அதைக் கவனிக்காதது போலக் கைப்பைக்குள் எதையோ தேடுவதை நான் கவனித்திருக்கிறேன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அதனால் நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைத் தேடி வாசித்தேன். அப்பா எப்போதும் சொல்கிற 1988ஐத்தான் முதலில் பார்த்தேன். செப்டெம்பர் 24, டொரோண்டோ பிட்சருக்கு நோ-ஹிட்டருக்கு ஒரேயொரு நல்ல பந்துதான் பாக்கி. அடித்த பந்து நிலத்தில் பட்டுத் துள்ளி, பிடிக்க நின்றவரின் தலைக்கு மேலால் போய்விட்டது. அது தரையின் குற்றம், நாவின் குற்றமில்லை. ஆறு நாள் கழித்து, முப்பதாம் திகதி, அதே மனிதர், அதே ஒரு பந்து பாக்கி, திரும்பவும் போனது. பாவம் மனிதர். ஆனால் 1990 செப்டெம்பர் 2ஆம் திகதி, முதல் தடவை பறிகொடுத்த அதே கிளீவ்லண்டில், அவருக்குக் கிடைத்தது. அன்றைக்கு மைதானத்தில் இருந்த அத்தனை ஆயிரம் பேரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டா இருந்திருப்பார்கள்? அதைவிட 1956 ஒக்டோபர் 8. உலகத் தொடர். நியூயோர்க் பிட்சர் இருபத்தேழு பேரையும் ஒருவர்கூட ஓடாமல் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு ஏழாவது இன்னிங்ஸில் அவரே வாய் திறந்து, "இது சரிவரும் என்று நினைக்கிறாயா?" என்று கூட்டாளியிடம் கேட்டாராம். கூட்டாளி பயந்து எழும்பிப் போய்விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. எறிகிறவனே சொல்லிக் கெடாதது, என் மாமி குளிருக்குக் கோட்டுப் போட்டுக் கெடுமா?

இனிச் சொல்லப் போவது எழுதக் கஷ்டமானது. அந்தச் சொல்லைச் சொன்னது நான். காதுக்குள் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். இரண்டு கிழமை உங்கள் மேல் பழி கிடக்க, அது வசதியாக இருந்தபடியால் நான் பேசாமல் பழைய பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஏச்சு விழும் என்று நின்றேன்.

"ஹீட்டரோ?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா."

"அவவுக்குச் சின்னனிலயிருந்தே ஒரு காது கொஞ்சம் மந்தம்," என்றார். பிறகு, "எண்பத்தெட்டில நான் இஞ்ச வந்த புதுசு. கோப்பை கழுவுற இடத்தில ரேடியோ. எல்லாரும் சத்தமில்லாமல் நிண்டவங்கள். நான்தான் என்ன நடக்குது, என்ன நடக்குது எண்டு கேட்டனான். ரெண்டு முறையும் நான்தான்."

மாமி, எங்கள் குடும்பத்தில் அந்தப் பொல்லாத வாய் தன்னுடையது என்று அப்பா இத்தனை வருடமும் பயந்துகொண்டு திரிந்திருக்கிறார். உங்கள் பெயரில் அதை எழுதிவிட்டால் தனக்கு இல்லை என்று ஆகிவிடும் அல்லவா. "போன் எடுத்துத் தரட்டோ?" என்று கேட்டேன். "வேண்டாம், வைச்சிடுவா. நீ எழுது. நான் வந்து கூட்டிக்கொண்டு வாறன் எண்டு எழுது," என்றார். எழுதிவிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் உங்கள் வாசலில் நிற்கும். காரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அது இப்போது பழசு.

அம்மா உங்களை அன்போடு விசாரிக்கிறார். அண்ணா உங்கள் கோட்டைக் கழுவி மடித்து வைத்திருக்கிறார். குளிரும் காற்றும் உங்களை அண்டாமல், முழங்கால் நோவு ஏறாமல், நல்லூரான் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை என்று நம்பும் மருமகள்,
சுபாங்கி

பி.கு.: இறுதி ஆட்டத்தில் எதிரணியின் பிட்சர் பெயர் டெனிஸ்டன். நல்ல உயரம். இந்த வருடம் அவருடைய பந்தை அடித்தவர்கள் மிகக் குறைவு. நாவூறு என்று ஒன்றும் இல்லை என்று மேலே எழுதியதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. ஆனால் அப்பா உங்களுக்கென்று அவர்களுடைய பெஞ்சுக்குப் பின்னால் ஒரு மடக்குக் கதிரை போடப் போகிறாராம். அந்தப் பிள்ளையின் தோளையும் கையையும் நன்றாகப் பார்த்து, வாய் நிறைய இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கட பெடியன்தானாம், தமிழிலேயே சொல்லலாம் என்கிறார்.