பஸ் ஸ்டாண்டில் ஆடிய ஸ்டெப்பு அண்ணன்

கல்யாணம், திருவிழா, சாவு, சாராயம் என்று எந்தக் காரணமும் இல்லாமல் கொடைக்கானல் நடுரோட்டில் ஆடிய முதல் மனிதர் ஸ்டெப்பு அண்ணன்தான். மறுப்பவர்கள் நேரில் வரலாம், சண்டைக்கு நான் தயார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷனிஸ்ட். வேலைக்குச் சேர்ந்த வாரமே ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டேன். ஐம்பதை நெருங்கிய ஆள். ஸ்வெட்டர், மங்கி குல்லா, முழங்கால் வரை மடித்த பேன்ட். பல் கிட்டிக்கிற குளிரில் வெறுங்காலோடு, பாட்டே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு சின்ன வட்டம். அதைத் தாண்டி ஒரு விரல்கூடப் போகாது. அதற்குள் இரண்டு கால்களும் வழுக்கித் திரும்பிப் பின்னிப் பிரிந்து செய்த வேலையில் திண்டுக்கல் பஸ்ஸைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

"யாரு செத்தா?" என்று விசாரித்தார் பூக்காரம்மா. டூரிஸ்ட் ஒருவர் மாப்பிள்ளையைத் தேடினார். டிராபிக் போலீஸ்காரர் வாயை ஊதச் சொன்னார். டீ வாசம்தான் வந்தது.

இந்த ஆட்டத்தை எங்கே கற்றிருப்பார்? எனக்குத் தலை வெடித்தது. மும்பை என்றார் எங்கள் மேனேஜர். மிஷன் பள்ளியிலிருந்த வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்தது என்றார் சமையல்காரர். நான் நேரே போய்க் கேட்டேன்.

"யாருண்ணே சொல்லிக் குடுத்தது?"

"அது கெடக்கும்மா. தள்ளி நில்லு, தண்ணி தெறிக்கும்."

ரோடு காய்ந்து கிடந்தது.

புதிதாக வந்த எஸ்.ஐ.க்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "கடைக்காரங்க சீசனுக்கு மேடை போட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை அதுல ஏறி ஆடிக் காட்டு. இல்லன்னா இனிமே ரோட்டுல கால வைக்கக் கூடாது" என்றார்.

அண்ணன் பயந்து நான் பார்த்தது அன்றுதான். "ஆடலைன்னா காலு கொடையுதும்மா, தூங்க முடியல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. சிவப்புக் கார்ப்பெட், கலர் லைட், பெரிய ஸ்பீக்கர். அண்ணன் மேடையேறி பேன்ட்டை மடித்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் பாதி ஓடிவிட்டது. எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு பெண் கத்தினார்: "ஏலே! லாரி வந்திருச்சு! வெரசா மிதிலே!"

கால்கள் கிளம்பின. கார்ப்பெட் சுருண்டு மேடையை விட்டே விழுந்தது. எஸ்.ஐ. தன்னை மறந்து விசிலடித்தார்.

நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணைப் பிடித்தேன். மேலே பூண்டி கிராமத்திலிருந்து பூண்டு விற்க வந்தவர்.

"பன்னெண்டு வருசம் ஒரே தொட்டியில கேரட்டு மிதிச்சோம்ங்க, லோடு ஏத்த லாரி வர்றதுக்குள்ள மண்ணு போகணும்ல. ஐஸ்தண்ணி. காலு நின்னா வெறச்சுப்போகும். அப்புறம் கழுவுற மிஷினு வந்துச்சு, நாங்கல்லாம் நிறுத்திட்டோம். அவன் காலுக்குத்தான் இன்னும் சேதி போகல."

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் எஸ்.ஐ.யே கூட்டத்தை ஒதுக்கினார். "தள்ளுங்க, தள்ளுங்க! அண்ணனுக்கு ஒரு தொட்டி எடம் விடுங்க!"

இப்போது அந்த இடத்தில் காலேஜ் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். எல்லோரும் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஸ்டைலாம். அண்ணனுக்கு மூட்டுவலி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்.

"நீங்க ஆடலையாண்ணே?" என்று போன வாரம் கேட்டேன்.

"லாரி வரட்டும்மா."

சும்மா சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ரோட்டில் லாரி ஹாரன் கேட்டால், சாவி கேட்டு நிற்கிறவர்களை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன்.