படங்கு போர்த்திய ஸ்மார்ட் போர்டு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனை, வகுப்பறைகளில் தொழில்நுட்பம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்துவர அனுப்பினார்கள். அனுப்பியவர்களைத்தான் சொல்ல வேண்டும். (போன என்னையும் சேர்த்து.)

கொழும்பில் சாப்பாட்டுக் கடை, ஹட்டனில் பஸ், லிந்துலையில் மரக்கறித் தோட்டம் என்று எதிலும் நான் ஒரு வருஷம் தாண்டியதில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவேன், மலைப்பாதை தெரியும் என்பதற்காக ஓர் உதவி நிறுவனம் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டது. அவர்கள் கொடுத்த ஸ்மார்ட் போர்டுகள் பயன்படுகின்றனவா? ஆம், இல்லை. ஏதாவது ஒரு கட்டத்தில் கோடு போட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை மஸ்கெலியாவுக்கு மேலே, நான் விட்டு ஓடிய அதே தோட்டப் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புச் சுவரில் இருந்த போர்டை, கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்கால் மூடிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"என்னங்க டீச்சர், இம்புட்டுப் பெரிய சாமான மூட்ட கட்டி வச்சிருக்கீங்க? புள்ளைங்க படிக்க வேணாமா?"

"வெயில் நாள்ல அவுத்துத்தான் சார் படிச்சுக் குடுக்குறேன். இப்ப தொடாதீங்க. கொஞ்சம் மேல பாருங்க."

நான் பார்க்கவில்லை. வகுப்பிலிருந்த என் தங்கச்சி மகள் எழுந்து, "வேணாம் மாமா!" என்றாள்.

"இங்க நான் மாமா இல்ல, சார்!"

அவிழ்த்துப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். திரையில் ஓர் இதயம் சிவப்பாகத் துடித்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மலைநாட்டுக்கே நான்தான் கரண்ட் கொண்டுவந்தவன் மாதிரி நின்றேன். இரண்டு நிமிஷம்தான்.

மழை இறங்கியது. தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டைகள் எல்லாம் திறந்துகொண்டன. பெரிய ஓட்டை நேரே போர்டின் உச்சிக்கு. படங்கைத் தேடினேன். அதன் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். 'டப்' என்றது. திரை கறுத்தது.

ஒரு பிள்ளையும் அழவில்லை. யாரும் சொல்லாமலே எழுந்து, கொப்பிகளை நனையாத மூலைக்குக் கொண்டுபோனார்கள். என் காலத்திலும் அதே மூலைதான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது.

படிவத்தின் ஓரமெல்லாம் "கூரை ஒழுகுகிறது" என்று எழுதி நீட்டினேன். நிறுவனத்து அதிகாரி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கூரைக்குக் கட்டம் இல்லையே தம்பி? நாங்க போர்டு மட்டுந்தான்."

என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அது நியாயம். ஆனால் கெட்டுப்போன போர்டுக்குப் பதிலாகப் புதிய போர்டு ஒன்றை அனுப்பி, அதே சுவரில், அதே ஓட்டைக்குக் கீழே மாட்டினார்களே, அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

தங்கச்சி புருஷனுக்கோ சிரிப்பு அடங்காது. மழை இருட்டினால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"மச்சான், நீங்க தொட்டு ஒடச்சாத்தானே புதுசு தர்றாங்க? ஒரு எட்டு போயி, அந்தக் கூரையையும் தொட்டுட்டு வந்துருங்களேன்!"