திருடனுக்குப் போட்ட பூட்டு

என் மனைவிக்குத் தெரியாமல் ஒரே ஒரு ரகசியத்தையாவது காப்பாற்றியே தீருவது என்று அன்று காலை சபதம் போட்டேன். பாத்ரூமுக்குள் இருந்துதான் போட்டேன். வெளியே போட்டால் அவளுக்குக் கேட்டுவிடும்.

எல்லாம் எங்கள் ஆபீஸ் கேஷியரால் வந்த வினை. ரயிலில் மனுஷன் கொஞ்சம் கண்ணசந்த நேரம், எவனோ லேப்டாப்பை அடித்துக்கொண்டு போய்விட்டான். போனால் போகட்டும் என்று கேஷியர் விட்டுவிட்டார், திருடன் விடவில்லை. அதிலிருந்த கவிதைகளை ஆபீஸில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அனுப்பிவைத்தான். மேனேஜரைப் பற்றியும் ஒரு கவிதை இருந்தது. கேஷியர் இப்போது குடோனில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

என் லேப்டாப்பில் ஒரு நாவல் இருக்கிறது. வருஷக்கணக்காகத் திருட்டுத்தனமாக எழுதியது. அதில் ஒரு கணவன் வருகிறான். "வாயை மூடு!" என்கிறான். மனைவி மூடிக்கொள்கிறாள். அவ்வளவு கற்பனை வளம் எனக்கு! அந்த மனைவி யாரென்று கேட்காதீர்கள். மூக்கு, குரல், நடை எல்லாம் அச்சு அசலாக எழுதித் தொலைத்துவிட்டேன். திருடன் இதை எடுத்து என் வீட்டுக்கே அனுப்பினால்? லேப்டாப் போனால் வேறு வாங்கலாம். உயிர் போனால்?

மாடி வீட்டு கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் ஓடினேன். எதைச் சொன்னாலும் முதலில் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வதால் தெருவில் அவருக்குப் பெயரே ரீஸ்டார்ட்.

"பூட்டு போட்ட ஃபோல்டர் ஒண்ணு பண்ணித் தர்றேன் சார். உள்ள வச்சதெல்லாம் எழுத்து மாறிச் சுக்குநூறா கிடக்கும். பாஸ்வேர்டு இல்லாம எவனாலயும் ஒரு வரி படிக்க முடியாது."

"பாஸ்வேர்டு மறந்துட்டா?"

"அப்போ நீங்களும் திருடனும் ஒண்ணு."

"ஐயையோ!"

"பயப்படாதீங்க. மாற்றுச் சாவின்னு நீளமா ஒரு நம்பர் வரும். பத்திரமான இடமாப் பாத்து வைங்க."

பத்திரமான இடம் எது? பீரோ அவள் ஆட்சி. சட்டைப்பை அவள் தினமும் சோதனை போடும் இடம். யோசித்துப் பார்த்தால், எவனாலும் திறக்க முடியாத அந்த ஃபோல்டரைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் ஏது? மாற்றுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துப் பூட்டினேன்.

பாஸ்வேர்டு, எங்கள் கல்யாண தேதி. எனக்கு அது ஞாபகம் இருக்கும் என்று எந்தத் திருடனும் கனவில்கூட நினைக்கமாட்டான்.

சில மாதம் போனது. கல்யாண நாளும் வந்தது. பரிசுப் பொட்டலத்தோடு இளித்துக்கொண்டு போய் நின்றேன்.

"அது நேத்து! வருஷா வருஷம் இதே கூத்துதானா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அன்றோடு சரியான தேதி என் மண்டையில் ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது.

ஒரு நாள் பதிப்பாளர் போன் பண்ணினார். "சார், போன வருஷம் நீங்க புனைபெயர்ல மாதிரிக்கு அனுப்பின முதல் அத்தியாயம் பிரமாதம். மொத்த நாவலையும் இன்னைக்கே அனுப்பிடுங்க. இல்லேன்னா வேற ஒருத்தரோடது அச்சுக்குப் போயிடும்."

துள்ளிக் குதித்து ஃபோல்டரில் கல்யாண தேதியைத் தட்டினேன். தவறு என்றது. கோடு போட்டுத் தட்டினேன், புள்ளி வைத்துத் தட்டினேன், மாதத்தை முன்னால் போட்டேன். தவறு, தவறு, தவறு. ரீஸ்டார்ட் வந்தார். ரீஸ்டார்ட் பண்ணினார். அப்போதும் தவறு.

"மாற்றுச் சாவி எங்க சார்?"

"உள்ள."

"எதுக்குள்ள?"

"அதுக்குள்ளதான்."

தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்கு ரீஸ்டார்ட்டே கிடையாது சார்" என்று மாடியேறிவிட்டார்.

உட்கார்ந்து அழுதேன். நிஜமாகவே அழுதேன். வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே இடம் அந்த நாவல். அதற்குள்ளும் என்னை விடமாட்டேன் என்கிறது.

ஈரக் கையைத் துடைத்தபடி மனைவி வந்தாள். "வெங்காயத்த இன்னும் தொடவே இல்ல, அதுக்குள்ள என்ன அழுகை?"

"ஒரு... ஆபீஸ் ஃபைல். பாஸ்வேர்டு ஏத்துக்கமாட்டேங்குது."

"என்ன வச்சீங்க?"

"நம்ம கல்யாண தேதி."

அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சந்தேகப்பட்டது. "எப்போ வச்சீங்க?"

"கேஷியர் லேப்டாப் போச்சே, அப்போ."

"அப்படீன்னா நான் திட்டுறதுக்கு முன்னாடி. நகருங்க."

ஒரு நாள் தள்ளித் தேதியைத் தட்டினாள். ஃபோல்டர் திறந்துகொண்டது. "உங்க கணக்குப்படி நமக்குக் கல்யாணம் ஆனது மறுநாள்தானே?"

சந்தோஷப்படக்கூட அவகாசமில்லை. மூடப்போன என் கையைத் தட்டிவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்தது. அவள் அசையவில்லை.

"வாயை மூடுன்னு சொன்னானாமா?"

"சும்மா கற்பனைம்மா..."

"அவ மூடிக்கிட்டாளாமா?"

"அதுவும் கற்பனை."

"இந்த மூக்கு?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் நிதானமாக எதையோ தட்டி, ஃபோல்டரை மூடிவிட்டு எழுந்தாள்.

"பதிப்பாளர் காத்துக்கிட்டு இருக்காரும்மா. அனுப்பிடட்டுமா?"

"தாராளமா அனுப்புங்க. பாஸ்வேர்டை மட்டும் மாத்தியிருக்கேன். நீங்க மறக்கவே கூடாத ஒண்ணுதான். என் பொறந்தநாள்."

அது என்றைக்கு என்று அவளிடம் கேட்கும் தைரியம் என் நாவலில் வரும் கணவனுக்கு மட்டும்தான் உண்டு. அவன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறான்.